பாதிக் கிண்ணம்

மவ்ஜூதா,

கோட்டு எடுக்க இன்று நீ வருவதாக உன் அண்ணன் சொன்னார். நான் பேருந்து ஓட்டப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் வருகிறாய், தெரியும். கோட்டு அலமாரியில் இருக்கிறது. அடுப்படியைப் பார்த்துப் பயப்படாதே.

"ஒரு நாள் நீங்க சமைச்சுப் பாருங்க, அப்பத் தெரியும்" என்றாயே, அதற்காகச் சமையல் புத்தகம் வாங்கப் போனேன். படம் போட்ட பெரிய புத்தகங்களில் சொல்லும் சாமான் பாதி நம் மர்கிலான் சந்தையில் கிடைக்காது. கடைக்காரர், "அண்ணே, முட்டையாவது அவிக்கத் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "அப்ப இந்தச் சின்னதுதான் உங்களுக்கு" என்று அன்றாடச் சமையல் புத்தகம் ஒன்றைக் கையில் திணித்தார்.

அதைப் பார்த்துச் செய்தும் கேக் வரவில்லை. இரண்டு கிண்ணம் மாவு என்று போட்டிருக்கிறது. அன்று உன் அம்மாவுக்கு நான் கிண்ணத்தில் தேநீர் ஊற்றியதும், "விளிம்பு வரைக்கும் ஊத்தினா, குடிச்சிட்டுக் கிளம்புன்னுதானே அர்த்தம்? எங்கம்மாவைத் துரத்துறீங்களா?" என்று கத்திவிட்டு வீட்டை விட்டுப் போனாயே, அதிலிருந்து எந்தக் கிண்ணத்தையும் நிரப்பக் கை வரவில்லை. மாவையும் பாதிப் பாதியாகத்தான் அளந்தேன். கேக் கஞ்சியாக நிற்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், அன்று பேச்சு மும்முரத்தில் ஊற்றிவிட்டேன்.

சூப் மட்டும் தேறியது. சூடு பண்ணிக்கொள்.

தோலிப்

பி.கு.: உப்பு போட்டேனா என்று நினைவில்லை.

இன்னொன்று: மேசையில் உனக்குத் தேநீர் ஊற்றி வைத்திருக்கிறேன். ஆறியிருக்கும். பாதிக்கும் கீழேதான் ஊற்றியிருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு அலமாரியைத் திற.