நாலாவது நிபந்தனை

நவம்பர் 4, திங்கள்
இதை எவனும் நம்பப் போவதில்லை. பைபிள்மேல் கை வைத்துச் சொன்னாலும், கட்டின மனைவி ஞானம்மாவே நம்ப மாட்டாள். இருந்தும் எழுதுகிறேன். தேர்வாய் கண்டிகை மகா யுத்தம் இன்று முடிந்தது. எங்கள் ரப்பர் கம்பெனியில் இருபத்தொரு நாள் வேலைநிறுத்தம். எங்கள் பக்கம் நாலாயிரம் யானை, லட்சம் வீரர். சரி, அறுபத்திரண்டு பேர், ஒரு ஷாமியானா. தோற்றோம்.

நவம்பர் 5
சமாதான நிபந்தனைகளை எச்.ஆர். தணிகாசலம் வாசித்தார். ஒன்று: ஆளுக்கொரு மன்னிப்புக் கடிதம். இரண்டு: சங்கக் கொடிக்கம்பம் பிடுங்கப்படும். மூன்று: எங்கள் தளபதி, என் அண்ணன் மகள் சுகிர்தா, இனி உள்ளே வரக் கூடாது. நான்கு: விதிப்புத்தகத்தில் எழுதியபடி மட்டுமே வேலை, சொந்த யோசனை கூடாது.

கையெழுத்துப் போட்டேன். போட்ட கையை என்ன செய்ய?

கேட்டுக்கு வெளியே சுகிர்தா சொன்னாள்: "போட்டது போட்டுட்ட சித்தப்பா. அறுபது ஊட்ல அடுப்பு எரியணும்ல. என்னிய நான் பாத்துக்கிறேன்."

எப்படிப் பார்த்துக்கொள்வாள்? ரெண்டு புள்ளிங்க. புருஷன் இல்ல. யாரு கீறாங்க அவளுக்கு?

நவம்பர் 7
விடாத மழை.

நவம்பர் 11
விதிப்புத்தகத்தை முழுக்கப் படித்தேன். உலகில் முதல் ஆள் நான்தான். ரப்பர் வாஷர் அச்சைப் பத்து நிமிடம் சூடாக்கச் சொல்கிறது. வெயில் காலத்துக்குச் சரி. மழையில் இருபத்தைந்து நிமிடமாவது வேண்டும். எத்தனை நிமிடம் என்று சுகிர்தாதான் தினமும் சொல்வாள். அதை யாரும் எழுதி வைக்கவில்லை. தோற்ற நாட்டுக்குக் கீழ்ப்படிதல்தானே அழகு? பத்தே நிமிடம். வேகாத பணியாரம்போல் வந்தன வாஷர்கள். அத்தனையும் குப்பை.

"இன்னா தானியேல் இது?" என்றார் தணிகாசலம்.

"நாலாவது நிபந்தனை சார். மூளைய ஊட்லயே வெச்சிட்டு வரேன்."

"நக்கலா?"

"கையெழுத்து போட்டுக்கீறேனே சார்."

நவம்பர் 14
வாஷர் ஏற்றிக்கொண்டு எளாவூர் செக்போஸ்ட் தாண்டி ஆந்திரா போக வேண்டிய லாரி நாலு நாளாகக் காலியாக நிற்கிறது. டயரில் ஆலமரம் முளைத்து விழுதும் விட்டாயிற்று.

"உன் வேலயும் பூடப் போவுது, பேஜாரு புடிச்ச மனுசா," என்கிறாள் ஞானம்மா.

பயமா, எனக்கா? — கொஞ்சம்.

நவம்பர் 18
தணிகாசலம் என் மிஷினுக்கே வந்தார். "புத்தகத்த மாத்திடலாம். யாரு எழுதறது?"

"நீங்க வெளிய நிறுத்தி வெச்சிக்கீறீங்களே சார், அவதான்."

குப்பைக் குவியலிலிருந்து ஒரு வாஷரை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, அதோடு ஆபீசுக்கு நடந்தார்.

நவம்பர் 20
யானை பொய். ஆலமரம் பொய். மன்னிப்புக் கடிதங்கள் ஃபைலில் இருக்கின்றன, கொடிக்கம்பம் இருந்த இடத்தில் பள்ளம் இருக்கிறது, தோல்வி தோல்விதான். ஆனால் காலை ஆறு மணி ஷிப்டுக்கு சுகிர்தா உள்ளே வந்தாள். "இன்னா சித்தப்பா, மிஷின ஆன் பண்ணாம நின்னுக்கினு கீற?" என்றாள். அது மட்டும் நிஜம்.