காலை வெயில் விழும் கரை

ஜூலை 12, 2023

கூக்கால் ஏரியில் நான்காவது நாளாக மேல்காற்று. பூண்டு விளையும் என் காட்டின் ஓரம் இன்று மறுபடி சரிந்தது. குதிகாலோடு விரல் சேர்த்து வைத்து நடந்து அளந்தேன். என் மனைவி முருகேஸ்வரியின் சமாதியிலிருந்து விளிம்பு வரை இருபத்தாறு காலடி. போன வருடம் அவளைப் புதைத்தபோது நாற்பது இருந்தது.

இந்தக் கரையே அவளுக்குப் பிடிக்காது. "பின்னாலேயே மலை. பத்து மணிக்குத்தான் வெயில் வருது. எதிர்க்கரையில பாருங்க, வெள்ளனே விழுது. அங்க நெலம் வாங்கத் தெரியல ஒங்களுக்கு" என்று இருபது வருடம் சொன்னாள். கடைசியில் இந்த நிழலிலேயே புதைத்தேன்.

ஜூலை 13

அதே காற்று. இருபத்தைந்து.

ஜூலை 30

மகள் சுமலதா கொடைக்கானலில் பூகோளம் நடத்துகிறாள். போனில் சொன்னேன். "அலை அடியில அரிக்கும்ப்பா, மேல இருக்கிறது தானா விழும். கடற்கரையிலயும் இதேதான். எடுத்த மண்ணை வேற பக்கம் கொண்டுபோய்ப் போட்டுடும்" என்றாள்.

கடலாம்! ஆறு வயதில், இலங்கையிலிருந்து கப்பலில் வந்த அன்று பார்த்தது. வாந்தி எடுத்தது மட்டும்தான் ஞாபகம்.

பிப்ரவரி 18, 2024

ஏரி விளிம்பில் கல்கட்டுச் சுவர் முடிந்தது. முப்பத்திரண்டு நாள் வேலை. தேயிலை மலையில் அப்பா கட்டியது போலவே, சிமென்ட் இல்லாமல், நெஞ்சளவு உயரத்தில், நெட்டுக்குத்தாக. என் வரப்போடு நிறுத்திக்கொண்டேன். அப்பா வைத்த கல் ஒன்றுகூடச் சரிந்ததில்லை. இனி அவள் நிம்மதியாகப் படுத்திருப்பாள். நானும்.

ஜூன் 24

காற்று தொடங்கியது. கல் அசையவில்லை. அலை மோதித் துள்ளித் திரும்பியது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஜூலை 9

பக்கத்துக் காட்டு வீரம்மா வந்தாள். தனியாக இருப்பவள், வீடே ஏரி ஓரம்தான்.

"அண்ணே, ஒங்க செவரு முடியிற எடத்துல இருந்து என் கரையை ஏரி தின்னுது. அடுப்படிகிட்ட வந்துருச்சு. ஒரு எட்டு வந்து பாருங்க."

"காத்துக்கு நானா சம்பளம் குடுத்து அனுப்புறேன்?" என்று கேட்டுவிட்டேன். திரும்பிப் போய்விட்டாள்.

ஜூலை 10

அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. முருகேஸ்வரி படுக்கையில் கிடந்த இரண்டு மாதமும் கஞ்சி கொண்டுவந்தவள் அவள்.

ஜூலை 16

இன்று காலையிலிருந்து குடையைப் பிடித்துக்கொண்டு கரையிலேயே நின்று பார்த்தேன். அலை சுவரில் மோதி ஓய்வதில்லை. சுவரை ஒட்டியே ஓடி, அது முடிகிற இடத்தில் வீரம்மாவின் மண்ணில் பாய்கிறது. சுவருக்கு அடியிலும் குடைந்திருக்கிறது. கையை விட்டேன், முழங்கை வரை போனது.

மலையில் கல்கட்டு தாங்குவது மண்ணை. மண் சும்மா சாய்ந்து நிற்கும். தண்ணீர் அப்படியா? நாற்பது வருடம் கல் அடுக்கினவனுக்கு இது தெரியவில்லை. சீ.

என் பக்கம் இருபத்தொரு காலடி. அவள் அடுப்படிச் சுவரிலிருந்து ஒன்பது.

ஜூலை 17

சுமலதாவைக் கேட்டேன். "நெட்டுக்குத்தா நிக்க வேணாம்ப்பா. அந்தக் கல்லைச் சரிவா போட்டுவிடுங்க. அலை ஏறி ஏறிக் களைச்சுப் போயிடும்."

இருக்கிற கல் ஒரு பக்கத்துக்குத்தான் காணும்; என் கரைக்கோ, வீரம்மா கரைக்கோ. மழையில் ரோடு உடைந்து கிடக்கிறது; பெருமாள்மலையிலிருந்து கல் லாரி வர ஒரு மாதமாவது ஆகும். அதுவரை வீரம்மாவின் அடுப்படி நிற்காது.

"அப்ப அம்மா? தோண்டி மேல கொண்டுபோய் வைக்கலாமா?" என்றாள். புதைத்தவர்களைத் தோண்டுவது எங்களில் வழக்கமில்லை.

"ஒங்கம்மா செத்துப்போயிட்டா. வீரம்மா உசுரோட இருக்கா" என்றேன். போனை வைத்துவிட்டு அழுதேன்.

ஜூலை 21

சுவரைப் பிரிக்க ஆரம்பித்தேன். வீரம்மா ஓடி வந்தாள். "என்னண்ணே பண்றீங்க? அண்ணி அங்க படுத்திருக்காங்களே!"

"நீ கூடையைப் பிடி" என்றேன். சேலையை இழுத்துச் செருகினாள். அப்புறம் பிடித்தாள்.

ஆகஸ்ட் 14

பிரித்த கல்லையெல்லாம் வீரம்மா கரையில் சரிவாகப் போட்டு முடித்தோம்; அவள் பக்கம் மண் விழுவது நின்றுவிட்டது. எங்கள் பக்கம் பதினாறு.

செப்டம்பர் 3

மூன்று நாள் முன்னால் லாரி வந்தது. இறக்கிய கல்லை இரண்டு நாளில் ஏரி விழுங்கிவிட்டது. கரை அடியோடு இளகியிருக்கிறது. பதினொன்று.

அக்டோபர் 29

மழை. ஐந்து. இனிமேல் அளக்கப்போவதில்லை.

நவம்பர் 14

போய்விட்டாள்.

காலையில் டீ போட்டுக் குடித்துவிட்டுப் போனேன், அதற்குள் முடிந்திருந்தது. தலைமாட்டில் நான் வைத்த வெள்ளை லில்லிச் செடியோடு மண் மொத்தமாக இறங்கியிருந்தது. காற்று மாறிவிட்டது, இப்போது கீழ்க்காற்று. கலங்கிய தண்ணீர் எதிர்க்கரையைப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தது. வீரம்மா பக்கத்தில் வந்து நின்றாள்.

மன்னித்துக்கொள், முருகேஸ்வரி.

மார்ச் 9, 2025

விடிந்ததும் வீரம்மா அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள். "அண்ணே, வெரசா வாங்க! எதிர்க்கரையைப் பாருங்க!"

ஏரி புதிதாகச் சேர்த்திருக்கும் வண்டல் திட்டில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. ஏரியைச் சுற்றி முக்கால் மணி நேரம் நடந்து, சேற்றில் முழங்கால் வரை இறங்கிப் போய்ப் பார்த்தேன். லில்லி. ஏழு பூ. அந்தக் கரையில் இதற்கு முன் ஒரு லில்லி நான் பார்த்ததில்லை.

மணி ஏழரை இருக்கும். அங்கே வெயில் வந்திருந்தது. எங்கள் கரை இன்னும் நிழலில் கிடந்தது. வீரம்மா வீட்டு அடுப்புப் புகை மட்டும் தெரிந்தது.

முதுகு காயும் வரை முருகேஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.