மணிக்கோபுரம் கட்டிய துரை

செயின்ட்-மிஷேல், மொன்றியல், கனடா

தம்பிக்கு,

நீ இப்போது இருக்கும் இங்கிலாந்துக் கிராமத்தையும் அதன் தேவாலயத்தையும் பற்றி எழுதிய வரலாற்றுப் புத்தகம் நேற்று வந்தது. இலங்கையிலிருந்து திரும்பி மணிக்கோபுரம் கட்டித்தந்த துரையை 'இரக்கமே உருவானவர்' என்று எழுதியிருக்கிறாய்.

அம்மாவுக்குக் காய்ச்சல் என்று அப்பா ஒருநாள் வேலைக்குப் போகாததற்காக, நம்மைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து மழையில் துரத்தியவர் அவர்தானே? அந்த வாரமே அம்மா செத்தாள். உனக்கு அப்போது எட்டு வயது. மறந்திருக்க முடியாது. தேவாலயக் கமிட்டியில் ஒரு நாற்காலிக்காகவா இது?

"மாமா எழுதின துரை நல்லவராம்மா?" என்று மகள் கேட்டாள்.

"அத மாமாகிட்டயே கேளு" என்றேன்.

புத்தகத்தை அப்பாவுக்குச் சமர்ப்பித்திருக்கிறாய். அவர் பெயருள்ள அந்தத் தாளை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டேன். மீதியைத் திருப்பி அனுப்புகிறேன்.

உன் அக்கா