துணையாக வருபவர் பெயர்

மாட்டுங்கா, மும்பை
11 நவம்பர் 2024

அன்புள்ள பிரேமலதா கோமதிநாயகம் அவர்களுக்கு,

உங்கள் அலுவலகத்துக்கு நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டையும் ஆங்கிலத்தில் எழுதினேன். இரண்டுக்கும் ஒரே பதில் வந்தது. அச்சடித்த தாள், என் பெயருக்கு மட்டும் இடம் விட்டு நிரப்பியிருந்தார்கள், அதிலும் பிழை. கீழே, கரைச் சுற்றுலாத் திட்டமிடுபவர் என்று உங்கள் பெயர் இருந்தது. அப்பாவுக்குக் கோமதிநாயகம் என்று பெயரிருந்தால் சங்கரன்கோவில் பக்கத்து மனிதராகத்தான் இருப்பார் என்று நினைத்தேன். தமிழில் எழுதினால் அச்சடித்த பதில் அனுப்ப முடியாது. அதனால் தமிழில்.

ஜனவரி 18 அன்று இங்கிருந்து புறப்பட்டு, கோவாவிலும் கொச்சியிலும் நின்று திரும்பும் கப்பலில் எனக்கும் என் கணவருக்கும் ஓர் அறை பதிவாகியிருக்கிறது. அவர் துறைமுகத்தில் முப்பத்தாறு வருஷம் குமாஸ்தாவாக இருந்தார். எத்தனையோ கப்பல்களுக்குக் காகிதம் எழுதி அனுப்பினவர், ஒன்றில்கூட ஏறினதில்லை. ஜூலையில் காலமாகிவிட்டார். நான் பயணத்தை ரத்து செய்துவிடுவேன் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். செய்யப்போவதில்லை. கணவர் நினைவாகப் போகிறாள் என்று யாரும் உருகவும் வேண்டாம். எனக்குப் போக வேண்டும், போகிறேன்.

எனக்கு எழுபத்தெட்டு வயது. இடுப்பு எலும்பு முறிந்து சேர்ந்தது. வீட்டுக்குள் வாக்கர், வெளியே சக்கர நாற்காலி. 'நடமாட்டம் குறைந்தவர்களுக்கான கரைச் சுற்றுலா' என்ற உங்கள் கையேட்டை இரண்டு முறை படித்தேன். கோவாவில் 'சில படிகள்' என்று போட்டிருக்கிறது. சில என்றால் எத்தனை? எங்கள் கான்வென்ட்டில் 'சில' என்று எழுதினால் சிஸ்டர் பிலோமினா விரலில் ஸ்கேலால் தட்டுவார். போய் எண்ணிவிட்டு வந்து எழுது என்பார்.

கொச்சியில் 'பேருந்தில் இருந்தபடியே கண்டுகளித்தல்.' கடற்கரை வரை போய்விட்டு, கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, மற்றவர்கள் இறங்கி நடப்பதைக் கண்டுகளிக்க வேண்டுமா?

கடைசியாக, ஒன்பதாம் விதி. துணைக்கு ஒருவர் இல்லாமல் என்னைப் போன்றவர் கரையில் இறங்கக் கூடாது. துணைக்கு இருந்தவர் போய்விட்டார். அதற்குத் தண்டனையாக நான் கப்பலிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று விதி செய்தவர் யார்?

பதிலை எதிர்பார்க்கும்,
ஷ்யாமளா வேங்கடசுப்ரமணியன்


தாராவி
24 நவம்பர் 2024, ஞாயிறு

மதிப்பிற்குரிய ஷ்யாமளா அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் கணவர் காலமானது தெரியாமல் இரண்டு பேர் பெயருக்கும் வாழ்த்து மடல் அனுப்பியிருக்கிறோம். மன்னிக்க வேண்டும்.

எனக்குத் தமிழ் பேச வரும், படிக்கத் தடுமாறும். முனிசிபல் பள்ளியில் இந்தி மீடியம். உங்கள் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மாதான் வாசித்துக் காட்டினாள். இதையும் நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள்.

பதினோரு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். சக்கர நாற்காலியில் வருகிறவர்களை எந்த வாசல் வழியாக இறக்குவது, எந்த வண்டியில் சரிவுப் பலகை இருக்கிறது, எங்கே கழிப்பறைக் கதவு அகலம் என்று பார்த்து வைப்பது என் பொறுப்பு. 'சில படிகள்' நான் எழுதியதுதான். விசாரித்தேன். கோவாவில் ஒன்பது படி, ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி. இனி அப்படியே அச்சாகும்.

பேருந்து ஏற்பாட்டுக்குக் காரணம் இருக்கிறது. இரண்டு வருஷம் முன்பு ஒரு பெரியவர் இறங்கும்போது விழுந்துவிட்டார். எங்கள் ஆபீசில் அதன் பிறகு எல்லோருக்கும் பயம். ஒன்பதாம் விதி அப்போது வந்தது. அதை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. துணையாக வருபவர் பெயரை நிரப்பி அனுப்பினால் மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். படிவம் இத்துடன், இரண்டு பிரதி.

இப்படிக்கு,
பிரேமலதா

மாமி, இது எழுதுகிறவள். பேரு முப்பிடாதியம்மாள். மகள் சொன்னதுக்கு மேலே நான் ரெண்டு வரி போடுதேன், அவளுக்கு வாசிக்கத் தெரியாது. பஸ்ஸுக்குள்ள உக்காந்து பாக்கதுக்கு அம்புட்டுத் தூரம் போவானேன். நான் மாடியில உக்காந்து ஜன்னல் வழியா அதைத்தான் பாக்கேன். ரெண்டு வருசமாச்சு. இதுக்குக் கப்பல் தேவையில்ல.


மாட்டுங்கா
29 நவம்பர் 2024

அன்புள்ள பிரேமலதா அவர்களுக்கு,

பதில் கிடைத்தது. கோவாவின் ஒன்பது படிகளுக்கு நன்றி. கைப்பிடி எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. எனக்கு வலது கைதான் உறுதி.

உங்கள் அம்மாவின் கையெழுத்து அழகாக இருக்கிறது. கோடில்லாத தாளில் வரி ஏறவுமில்லை இறங்கவுமில்லை. அந்தக் கையெழுத்தில் உங்களுக்குத் தெரியாமல் இரண்டு வரி இருந்தது. தெரியாமல் எழுதியதை நான் தெரியாமலே வைத்துக்கொள்ளப் போவதில்லை. இதையும் அவர்தானே உங்களுக்கு வாசிக்கப்போகிறார், வாசிக்கட்டும். அவர் ஏன் இரண்டு வருஷமாக மாடியில் இருக்கிறார்?

ஒன்பதாம் விதியை மறுபடி படித்தேன். துணையாக வருபவர் பதினெட்டு வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். கரையில் பயணியுடன் எந்நேரமும் இருக்க வேண்டும். அவசரம் என்றால் குரல் கொடுக்கத் தெரிய வேண்டும். அவ்வளவுதான். நடக்கத் தெரிய வேண்டும் என்று எங்கும் இல்லை. விதி எழுதியவருக்கு அது தோன்றவில்லை போலிருக்கிறது.

அறையில் என் கணவரின் இடம் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அதை மாற்றிக்கொள்ளலாம் என்று உங்கள் கையேடே சொல்கிறது. ஆகவே படிவத்தை நிரப்பி அனுப்பியிருக்கிறேன்.

பயணி: ஷ்யாமளா வேங்கடசுப்ரமணியன். துணையாக வருபவர்: முப்பிடாதியம்மாள் கோமதிநாயகம்.

இன்னொரு படிவத்தில் அவர் பயணி, நான் துணை. இரண்டு நாற்காலியையும் தள்ள ஆள் வைப்பது உங்கள் பொறுப்பு. எந்நேரமும் உடனிருப்பது எங்கள் பொறுப்பு. எழுந்து ஓடிவிட மாட்டோம்.

அன்புடன்,
ஷ்யாமளா


தாராவி
8 டிசம்பர் 2024

மதிப்பிற்குரிய ஷ்யாமளா அம்மாவுக்கு,

அம்மா பெயரை எழுதுவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். (கோவமாத்தான் சொல்லுதா மாமி. நான் உள்ளத உள்ளபடி எழுதுதேன்.)

எங்கள் வீடு இந்தச் சந்தில் எல்லா வீட்டையும் போலத்தான். கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை, நடுவில் செங்குத்தாக இரும்பு ஏணி. கீழே தம்பி கணேசபாண்டியனின் தையல் மெஷின்கள் நான்கு. ஸ்கூல் பை தைக்கிறான். வீடு அதில்தான் ஓடுகிறது. அம்மாவுக்கு இரண்டு முட்டியும் போனபோது, மேலே இருப்பதுதான் அவளுக்கு நல்லது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தோம். (எல்லாரும்னா இவளும் தம்பியும். நான் அப்ப ஆஸ்பத்திரியில கெடந்தேன்.) மேலே காற்று வரும், மெஷின் சத்தம் குறைவு, சின்னதாக ஒரு பாத்ரூமும் கட்டியிருக்கிறோம். சாப்பாடு நேரத்துக்கு மேலே போகிறது. (கூடையில. கயித்துல கட்டி. நான்தான் இழுக்கணும்.)

அவளை நாங்கள் சரியாகத்தான் பார்த்துக்கொள்கிறோம். (அது நெசம்.) ஏணியில் அவளை இறக்க முடியாது. விழுந்தால் யார் பொறுப்பு? ஒரு பெரியவர் விழுந்ததை என் கண்ணால் பார்த்தவள் நான். அவர் கை என் கையில்தான் இருந்தது. விதி என்னைக் கேட்டுத்தான் வந்தது. (இது எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்.)

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் படிவம் கொடுத்துவிட்டு வந்த எங்கள் ஆபீஸ் ஹமீது, வாட்ச்மேனிடம் பேசியிருக்கிறான். மாஜி ஜூலைக்குப் பிறகு கீழேயே வரவில்லை என்றாராம். படிவத்தில் 'தினமும் வெளியே செல்வதுண்டா' என்ற கேள்விக்கு 'உண்டு' என்று எழுதியிருக்கிறீர்கள். லிஃப்ட் வைத்த கட்டிடத்தில் ஐந்து மாதமாக ஜன்னலுக்குப் பின்னால் இருந்துகொண்டு, என் பேருந்து ஜன்னலைக் குற்றம் சொல்கிறீர்கள். (இத எழுதமாட்டேன்னேன். எழுதுன்னு நிக்கா.)

இரண்டு படிவத்தையும் திருப்பி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பிரேமலதா

மாமி, தப்பா எடுத்துக்காதிய. ஆனா கப்பல்ல ஜன்னல் தெறக்க வருமா, கேட்டுச் சொல்லுங்க.


மாட்டுங்கா
16 டிசம்பர் 2024

அன்புள்ள பிரேமலதா,

'அவர்களுக்கு' என்று எழுதவில்லை. இவ்வளவு நேராகப் பேசின பிறகு அது வேண்டியதில்லை.

நீங்கள் சொன்னது உண்மை. பொய் எழுதினேன். எங்கள் கட்டிடத்தில் லிஃப்ட் கேட் வரை வராது. அது நிற்கும் இடத்திலிருந்து வாசலுக்கு ஐந்து படி. என் கணவர் நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பி, ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டே இறக்குவார். கடைசிப் படியில் மட்டும் 'இது பெரிசு' என்பார். அவர் போன பிறகு அந்த ஐந்து படிக்கு எதிரில் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளிடம் முழங்கால் வலி என்றேன். உங்களிடம் 'உண்டு' என்றேன்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் காலை லிஃப்டில் இறங்கினேன். வாக்கரை ஓரமாக வைத்துவிட்டு மேல்படியில் உட்கார்ந்தேன். பிறகு உட்கார்ந்தபடியே அடுத்த படிக்கு. எதிர்வீட்டு ஸ்மிதா வேலைக்குக் கிளம்பி வந்தவள், "ஆன்ட்டி, என்ன பண்றேள், எழுந்திருங்கோ, எல்லாரும் பாக்கறா" என்றாள். பார்க்கட்டும், டிக்கெட் இல்லை என்றேன். "மாஜி, கிர் ஜாவோகி" என்று வாட்ச்மேன் ஓடி வந்தான். விழுந்தால் தூக்கத்தான் உன்னை வைத்திருக்கிறது, அதுவரை தள்ளி நில் என்றேன். இருபத்திரண்டு நிமிஷம் ஆயிற்று. புடவை பாழ். கான்வென்ட்டில் படித்த பெண்ணாகத் தரையில் உட்கார்ந்து இறங்குவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. வாசலுக்கு வந்தபோது எனக்கு வெட்கமே இல்லை. பசிதான் இருந்தது.

வாட்ச்மேன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான். தெருமுனைக் கடையில் இரண்டு இஞ்ச் டேப் வாங்கினேன். திரும்பி வந்து ஐந்து படியையும் அளந்தேன். ஏழு, ஏழு, ஆறரை, ஏழு. கடைசிப் படி எட்டு அங்குலம். அவர் சொன்னது சரிதான்.

ஒரு டேப்பை இத்துடன் அனுப்புகிறேன். பதினோரு வருஷமாக ஊரில் இருக்கிற படிகளையெல்லாம் விசாரித்தீர்களே, உங்கள் வீட்டு ஏணிக்கு எத்தனை படி? எவ்வளவு இடைவெளி? உங்கள் கடிதத்தில் 'செங்குத்தாக' என்று மட்டும் இருக்கிறது. அதுவும் 'சில' மாதிரிதான்.

அந்தப் பெரியவர் விழுந்தது உங்கள் குற்றமில்லை. அவருக்குப் பிறகு இறங்க ஆசைப்பட்டவர்களையெல்லாம் கண்ணாடிக்குள் வைத்தது உங்கள் குற்றம்தான். உங்கள் மனம் நோகும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

இரண்டு படிவத்தையும் மறுபடி இணைத்திருக்கிறேன். முதலாவதில் 'தினமும் வெளியே செல்வதுண்டா' என்பதை அடித்துத் திருத்தி, 'டிசம்பர் 12 முதல்' என்று எழுதியிருக்கிறேன். இரண்டாவதில் ஒன்றும் மாற்றவில்லை.

இதற்குப் பதில் வராவிட்டால் நான் மறுபடி தொந்தரவு செய்யமாட்டேன். கப்பலில் ஏறுவேன். கொச்சியில் உங்கள் ஆட்கள் தடுத்தால், தடுத்த இடத்திலேயே இதே போல உட்கார்ந்து இறங்குவேன். எனக்கு இப்போது பழக்கமாகிவிட்டது.

கப்பல் ஜன்னல் திறக்காது என்று உங்கள் அம்மாவிடம் சொல்லவும். ஆனால் மேல்தளத்தில் ஜன்னலே கிடையாது, எல்லாம் வெளிதான்.

அன்புடன்,
ஷ்யாமளா


தாராவி
30 டிசம்பர் 2024

ஷ்யாமளா அம்மாவுக்கு,

இது என் கையெழுத்து. அம்மா எழுதவில்லை. எழுத்து கோணலாக இருக்கும். தெரியாத எழுத்தை அம்மாவிடம் கேட்டு மூன்று நாளாக எழுதுகிறேன்.

அளந்தேன்.

ஏணி: பதினொரு படி. இடைவெளி பதினொரு அங்குலம். படியின் அகலம் நாலு அங்குலம், பாதம் பாதிதான் நிற்கும். கைப்பிடி இல்லை. தரையில் மெஷின் எண்ணெய்.

எந்த ஊரிலாவது இப்படி ஓர் ஏணியைப் பார்த்திருந்தால், இங்கே யாரையும் வைக்கக் கூடாது என்று சிவப்பு மையில் எழுதியிருப்பேன்.

தம்பியிடம் பேப்பரைக் காட்டினேன். மறுநாள் வெல்டிங் கடை ஆளைக் கூட்டிவந்து இரண்டு பக்கமும் கைப்பிடியாகக் குழாய் வைத்தான். ஆபீசிலிருந்து நான் இடுப்பில் கட்டித் தூக்கும் பெல்ட் கொண்டுவந்தேன். இருபத்தெட்டாம் தேதி காலை பத்து மணிக்கு ஆரம்பித்தோம். அம்மா திரும்பி நின்று இறங்கினாள். பெல்ட்டை மேலிருந்து தம்பி பிடித்தான். நான் கீழே நின்று அவள் பாதத்தை ஒவ்வொரு படியிலும் வைத்தேன். நடுவில் நான்தான் அவள் பாதத்தை இறுக்கிப் பிடித்து நின்றுவிட்டேன். அந்தப் பெரியவர் ஞாபகம். அம்மா மேலிருந்து, "ஏட்டி, நீ விழுந்திராத, நான் பிடிச்சிருக்கேன்" என்றாள். நாற்பத்தொரு நிமிஷம்.

சந்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். எல்லோரும் வந்து பார்த்தார்கள். யார் யார் வீட்டில் என்ன மாறியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். சாயங்காலம் மேலே போகலாம் என்றேன். வர மாட்டேன் என்றாள். தம்பி, "கீழ மெஷின் இருக்கேம்மா, எங்க படுப்ப?" என்றான்.

"நாலு மெஷினும் மேல போட்டும். அதுக்கு முட்டி வலிக்காது" என்றாள்.

நேற்று முழுவதும் அந்த வேலைதான். ஆறு பேர் கயிறு கட்டி நான்கு மெஷினையும் மேலே ஏற்றினார்கள். ஒரு மெஷின் அம்மாவைவிடக் கனம். தம்பி மேலே உட்கார்ந்து தைக்கிறான். காற்று நன்றாக வருகிறது என்கிறான். அவனுக்கு டீ கூடையில் போகிறது. அனுப்புவது அம்மா.

நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான் என்று நினைத்தேன். இன்னும் இருக்கிறது. இரண்டு படிவமும் சேர்ந்துவிட்டன. ஒப்புதல் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். ஆபீசில் மேலதிகாரிகள் கேட்டார்கள், ஒருவருக்கொருவர் எப்படித் துணை என்று. ஒன்பதாம் விதியை வாசித்துக் காட்டினேன். இனி விதியை மாற்றுவார்கள். உங்கள் கப்பல் போன பிறகுதான் மாற்ற முடியும்.

கொச்சி: பேருந்து இல்லை. சரிவுப் பலகை உள்ள வண்டி, தள்ள இரண்டு பேர். கடற்கரையில் இரண்டு மணி நேரம், தரையில். பலகையின் நீளம் ஏழு அடி, தரையிலிருந்து வண்டி வாசல் பதினாறு அங்குலம். போட்டோ வாங்கி அதை வைத்துக் கணக்குப் போட்டேன். போட்டோ கணக்கு போதாது என்று தெரியும். ஜனவரி 10 அன்று நானே போய் டேப்பால் அளந்து எழுதுகிறேன்.

கோவாவில் கைப்பிடி வலது பக்கம்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதுவதைப் பார்க்கிறாள். நடுவில் எதுவும் எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். என் வேலை கரையோடு சரி என்பதால், ஒன்றே ஒன்றை உங்களிடம் கேட்கச் சொல்கிறாள். கப்பலில் ஏறுவதற்கு எத்தனை படி?

பிரேமலதா