ஜெயஸ்ரீயின் முன்னறை

21 ஆகஸ்ட் 1996

ஆடி போகட்டும் என்று காத்திருந்து, இன்று முன்னறையில் கட்டில் போட்டாயிற்று. வாசலில் பெயர்ப்பலகை. என் பேத்தி ஜெயஸ்ரீ பிசியோதெரபி முடித்தவள். இறுகிப்போன தசையைக் கையாலேயே அழுத்தித் தளர்த்துகிற வைத்தியம் தெரிந்தவள். நான் ஐந்தாவதோடு நின்றவள். பால் வாங்குகிற சாக்கில் தெருவில் நின்று அந்தப் பலகையின் இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

அவள் அப்பன், சேலைக்கடை வைத்திருக்கும் என் மகன் சண்முகவேலுக்குத்தான் முகம் சரியில்லை. “எம்மா, கண்டவங்க காலப் பிடிச்சு விடவா இவளப் படிக்க வச்சேன்?”

“ஏன்லே, கண்டவங்களுக்கும் நீ சேலைய விரிச்சுக் காட்டலியா?”

செருப்பை மாட்டும்போது சொன்னான்: “ஆள் வரலேன்னா புரட்டாசியில தீபாவளிச் சரக்க இங்கதான் எறக்குவேன். அப்புறம் கோவிச்சுக்கக் கூடாது.”

28 ஆகஸ்ட்

யாரும் வரவில்லை.

3 செப்டம்பர்

ரங்கநாதன் தெருவில் நம் கடையில் வேலை பார்க்கும் பெண்களை ஜெயஸ்ரீயே கூப்பிட்டிருந்தாள். நாள் பூராவும் நின்றுகொண்டே சேலை விரித்து, நின்றுகொண்டே மடிக்கிற பிள்ளைகள். கெண்டைக்கால் கல்லாகிக் கிடக்காதா? சாப்பாட்டு நேரத்தில் வந்தார்கள். அஸ்மத்துன்னிசாதான் முதலில் கட்டிலில் உட்கார்ந்தாள். ராயப்பேட்டைக்காரி, வாய்த்துடுக்கு. ஜெயஸ்ரீ காலைத் தொடப்போனதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“ஐயே, வேணாங்க்கா! மொதலாளி பொண்ணு என் காலத் தொட்டா நல்லாவா கீது?”

அப்புறம் ஒருத்தியும் கால் நீட்டவில்லை. மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

“கை இருக்கு ஆச்சி. கால்தான் கிடைக்கல” என்று ஜெயஸ்ரீ சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

4 செப்டம்பர்

அவர்கள் முன்னால் நானே படுத்தால் என்ன? — முதலாளி அம்மா, முழங்கால்வரை சேலையைத் தூக்கிக்கொண்டா? சீ. பெற்ற மகளிடமே நான் கால் பிடிக்கச் சொன்னதில்லை.

ஆனால் வேறு வழி?

6 செப்டம்பர்

படுத்துவிட்டேன்.

பெண்களைத் திரும்ப வரவழைத்தேன். ‘ஆகா, சுகமா இருக்கே’ என்று கௌரவமாகச் சொல்வதாகத்தான் நினைப்பு. ஜெயஸ்ரீ கட்டைவிரலைக் கெண்டைக்காலில் வைத்து மெதுவாக அழுத்தினாள். முடிச்சு ஒன்று அகப்பட்டது. அங்கேயே நிறுத்திப் பிடித்தாள் பாருங்கள் — “எம்மா! விடுட்டி! கொலகாரி!” என்று தெருவுக்கே கேட்கக் கத்திவிட்டேன்.

அஸ்மத் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மற்றவர்களுக்கும் அடக்க முடியவில்லை. எனக்கும்தான்.

“இன்னா ஆச்சி, இதுக்கே இந்தக் கூச்சலா? நான் கத்தமாட்டேன் பாரு!”

“வாயால சொன்னா ஆச்சா? வந்து படுட்டி.”

படுத்துவிட்டாள். ஜெயஸ்ரீ குனிந்ததும் பழையபடி காலை மடக்கினாள். நான் அவள் கணுக்காலைப் பிடித்து இழுத்து என் பேத்தி கையில் வைத்தேன். “எங்காலத் தொட்ட கைதான். உங்காலையும் தொடட்டும்.”

அஸ்மத் கத்தவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். நகக்குறி இன்னும் இருக்கிறது. எழுந்து நடந்து பார்த்துவிட்டு, “அடிப்பாவி, இது என் காலா?” என்றாள்.

என் காலும் இலேசாகத்தான் இருக்கிறது. ஜெயஸ்ரீயிடம் சொல்லவில்லை. மறுபடியும் அழுத்துவாள்.

20 செப்டம்பர்

சரக்கு வந்தது. முன்னறையில் ஒருத்தி கட்டிலில், இருவர் பெஞ்சில். சண்முகவேல் வாசலிலேயே நின்றான். “எம்மா, மூட்டைய எங்க எறக்க?”

“என் அறையில எறக்கு.”

கஞ்சி வாசத்தோடு சேலை மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலை நீட்டத்தான் இடமில்லை.

22 அக்டோபர்

எதிர்க்கடைப் பெண்களும் வருகிறார்கள். செருப்பு வாசல் கொள்ளவில்லை.

“அந்தக் கடைக்காரன் பிள்ளைகளுக்குமா பார்க்கே?” என்று சண்முகவேல் கேட்டான்.

“அவங்களும் நாளெல்லாம் நிக்கிறவங்கதானப்பா” என்றாள் ஜெயஸ்ரீ. அடுத்த ஆளைக் கூப்பிடப் போய்விட்டாள். என் பேத்தி!

அவன் நடையில் நின்ற தன் ஸ்கூட்டரை வெளியே உருட்டிக்கொண்டு போனான். திரும்பி வந்து, வழியில் கிடந்த செருப்புகளைக் காலாலேயே ஸ்கூட்டர் நின்ற இடத்துக்குத் தள்ளி ஒதுக்கினான்.

மழை பிடித்துக்கொண்டது. ஸ்கூட்டர் தெருவில்தான் நிற்கிறது, சாக்கைப் போர்த்திக்கொண்டு.