ஹீட்டருக்குப் பக்கத்தில் பியர் வாளி

12 பெப்ரவரி 2014, புதன். லுசேர்ண்.

நான் குடிக்கத் தொடங்கிவிட்டேன் என்று பூசைக்கு வருபவர்கள் கதைக்கிறார்களாம். தவறு. நான் வீட்டில் பியர் காய்ச்சுகிறேன். ஞாயிறு மதியம் ஒரு சிறிய கிளாஸ் குடிப்பேன். அதற்குப் பெயர் குடி அல்ல.

கணவர் இறந்த பிறகு நான் தனியாகக் காய்ச்சிய முதல் பியர் இது. அவருடைய பியரை விரும்பிக் குடித்த மேல்மாடிக்காரரை உயிர்ப்பு ஞாயிறுக்கு அழைத்திருக்கிறேன். "நீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். ஆகவே இது நன்றாக வந்தே ஆகவேண்டும்.

வாளியைக் கீழே கெல்லர் என்னும் நிலவறையில், பதினேழு பாகையில் வைத்துவிட்டுத்தான் கூர் நகரில் இருக்கும் மகளிடம் போனேன். இன்று திரும்பி வந்தால் அது வரவேற்பறையில், ஹீட்டரோடு ஒட்டி, கம்பளிப் போர்வைக்குள் இருக்கிறது. வெப்பமானி முப்பது காட்டியது. மூடியைத் திறந்தால் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நாற்றம்.

மருமகள் யசிந்தாவுக்கோ பெருமை.

"அந்தக் குளிருக்குள்ள எப்பிடி மாமி புளிக்கும்? தோசைமாவையும் நான் இப்பிடித்தானே வைக்கிறனான்."

"பியர் புளிக்கேக்கை தானாவே சூடாகும், பிள்ளை. அதைக் குளிரிலதான் வைக்கவேணும். போகேக்கை சொன்னனான்."

"நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை. சொன்னா நான் மறப்பனே?"

சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன்.

முழுவதையும் கழுவுதொட்டியில் ஊற்றிவிட்டேன். நாளை மறுபடியும் காய்ச்சுவேன். அவளிடம் இனி வாய்ப்பேச்சு வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியில் இப்படி எழுதி ஒட்டியிருக்கிறேன்:

யசிந்தா, என்னைக் கேட்காமல் இனி வாளியைத் தொடுவாயா, மாட்டாயா? பதிலை இதற்குக் கீழே எழுதிக் கையெழுத்திடு.