நாற்பத்தொன்றாம் நிறுத்தத்தில் யாரும் இல்லை

சாண்டஸ்கி,
டிசம்பர் 9

அன்புள்ள கர்ட்,

உன் கப்பல் டெட்ராய்ட்டைக் கடக்கும்போது தபால் படகுக்காரர்கள் இதைக் கயிற்று வாளியில் வைத்து உனக்கு மேலே ஏற்றிவிடுவார்கள். நனையாமல் இருக்க இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டிருக்கிறேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன்.

குளிர்காலத்துக்கு நம் படகுவீட்டின் மேல் பிளாஸ்டிக் உறை போட்டாயிற்று. படகுத்துறைக் குழாய்களை அடைத்துவிட்டார்கள். குளியலறைக் கட்டடத்திலிருந்து கேனில் தண்ணீர் சுமக்கிறேன். ஹேசலுக்கு எட்டு நாளாக இருமல்.

நீ திட்டப்போகிற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் குழந்தையின் படுக்கையருகே இரண்டாவது ஹீட்டர் வைத்தேன். துறையில் நம் படகுக்குக் கரண்ட் தரும் கம்பம் தாங்கவில்லை. அதனால் படகைச் சுற்றி ஐஸ் பிடிக்காமல் இருக்க தண்ணீரைக் கலக்க நீ அடியில் கட்டிவிட்டுப் போன மோட்டாரின் வயரைப் பிடுங்கிவிட்டேன். ஒரு ராத்திரிதானே என்று நினைத்தேன். காலையில் படகு அசையவே இல்லை. கோப்பையில் காபிகூட ஆடவில்லை. ஹேசல் எழுந்து, "அம்மா, நாம நெஜ வீட்டுக்கு வந்துட்டோமா?" என்று கேட்டாள்.

பக்கத்துப் படகு ரஸ் கட்டையோடு ஓடிவந்தார். "ஏம்மா நோரீன், படகை ஐஸுக்குக் கட்டிக் குடுத்துட்டியா? பலகை நெரிஞ்சா நீந்தியா கரைக்குப் போவ?" என்று கத்திக்கொண்டே ஐஸை உடைத்தார். பிறகு நம் மோட்டார் வயரை எதிரே நிற்கும் யாட்டின், அந்தப் பணக்காரச் சொகுசுப் படகின், கம்பத்தில் செருகினார். "மொதலாளி புளோரிடால வெயில் காயறான். இங்க அவன் சோபாவுக்குக் குளுருதா, ரெண்டு கரண்ட் லைன் எதுக்கு?" என்றார்.

எனக்கும் அதே கேள்விதான். ஆளில்லாத அந்த யாட்டைச் சுற்றி இரண்டு மோட்டார்கள் இரவும் பகலும் தண்ணீரைக் கலக்குகின்றன. மனிதர்கள் இருக்கும் படகுக்கு ஒரே ஒரு லைன்.

மூன்றாம் நாள் துறை மேனேஜர் பிரென்டிஸ் அந்த வயர் போன வழியைப் பிடித்துக்கொண்டே நம் படகுக்கு வந்துவிட்டார். கத்தவில்லை. ஒரு தாளை நீட்டினார். குளிர்காலத்தில் நம் படகு கட்டியிருக்கும் 41-ஆம் நிறுத்தத்தில் யாரும் வசிக்கவில்லை, எது நடந்தாலும் துறை பொறுப்பல்ல என்று அதில் இருந்தது. "கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா நான் எதையும் பாக்கல. இல்லேன்னா நாளைக்கே எறங்கணும்" என்றார். "அப்ப உள்ள இருமுறது யாரு?" என்று கேட்டேன். "வாத்துன்னு நெனச்சுக்கறேன்" என்றார்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். இருமுகிற குழந்தையோடு எங்கே போவேன்? ரஸ் போன வருஷமே போட்டிருக்கிறார். இங்கே பதினொரு படகுகளில் விளக்கு எரிகிறது, தாளின்படி எதிலும் ஆள் இல்லை.

யாட்டின் கம்பத்திலிருந்து நம் வயரை அவர் கழற்றிவிட்டார். அதனால் இப்போது இரண்டு மணி நேரம் ஹீட்டர், இரண்டு மணி நேரம் மோட்டார் என்று மாற்றி மாற்றிப் போடுகிறேன். தூங்கிப்போய்விடுவேனோ என்பதுதான் பயம். காலையில் ரஸ் வந்து, நன்றாக இருக்கிறோமா என்று பார்க்க நம் படகின் பக்கத்தில் மூன்று தட்டு தட்டுவார், நான் உள்ளிருந்து பதிலுக்குத் தட்டுவேன். நேற்று என்னை முந்திக்கொண்டு ஹேசல் தட்டினாள்.

கர்ட், இந்தக் கடிதத்தைத் தூக்கிப் போடாதே. உன் பெட்டியில் பத்திரமாக வை. தேதி போட்டிருக்கிறேன், கீழே பெயரும் எழுதுகிறேன். 41-ஆம் நிறுத்தத்தில் இரண்டு பேர் இருக்கிறோம்.

குளிர்காலத்துக்குக் கப்பலைத் துறையில் கட்டின அன்றே கிளம்பி வா. அதுவரை நீ நன்றாக இரு.

உன்,
நோரீன்
ஹேசல் (அவளே எழுதினாள்)